இடது கைக்கு ஒரு கீபோர்டு

மாதக் கடைசி வந்தால் மந்தாரக்குப்பத்தில் எங்கள் கடைக்குப் பித்துப் பிடித்துவிடும். நிலக்கரிச் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் வேலை பார்ப்பவர்கள், எந்தத் தேதியில் பிறந்திருந்தாலும், மாதத்தின் கடைசி நாளில்தான் ஓய்வு பெறுவார்கள். அதனால் இருபதாம் தேதிக்கு மேல் கல்யாணப் பத்திரிகையைக்கூட ஓரமாகத் தள்ளிவிட்டு, பணி நிறைவு விழா அழைப்பிதழ், வாழ்த்து பேனர், மாலையும் கழுத்துமாக நிற்கும் போட்டோ என்று நாங்கள் பறந்துகொண்டிருப்போம். ஊரில் ஒருவர் வேலையை முடித்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகவேண்டும் என்றால், அந்த வாரம் நாங்கள் வீட்டுக்குப் போகக்கூடாது.

என் பெயர் மெர்லின். அப்பா சுரங்கத்தில் ஃபிட்டர், குடியிருப்பது டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். கடையில் என் வேலை தமிழ் டைப்பிங். எனக்குக் கை வேகம், வாய் அதைவிட வேகம் என்று முதலாளி அமிர்தநாதன் அண்ணன் சொல்லுவார். பொய் சொல்லமாட்டார், நல்ல மனுஷன்.

கடையில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் நான் அடிப்பேன். அடித்ததை இன்னொன்றில் பக்கமாக்குவது அன்புக்கரசி அக்கா. படத்தை எங்கே வைப்பது, பெயரை எவ்வளவு பெரிதாகப் போடுவது, யாருடைய வாழ்த்து யாருக்கு மேலே வரவேண்டும், எல்லாம் அவள் கையில். அந்த நாற்காலிதான் கடையில் பெரிய நாற்காலி. அமிர்தநாதன் அண்ணனுடையதுகூடப் பிளாஸ்டிக்தான்.

2013 மாசியில் கம்மாபுரம் ரோட்டு வளைவில் அக்காவின் ஸ்கூட்டி மணலில் சறுக்கியது. வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சொன்ன பேச்சைக் கேட்டன. மற்ற மூன்றும் கேட்கவில்லை. மவுஸைப் பிடித்து நகர்த்தலாம், க்ளிக் செய்யலாம், அதோடு சரி. மவுஸிலிருந்து கையைத் தூக்கிக் கீபோர்டில் வைத்தால் மணிக்கட்டில் உயிர் போகிறது என்றாள். பக்கம் அமைக்கிற வேலையில் அப்படிக் கையைத் தூக்காமல் ஒரு வரி நகராது.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவன் அலெக்ஸ். அமிர்தநாதன் அண்ணனுடைய அக்கா மகன். டிப்ளமோ முடித்துவிட்டு, சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்தான். அவன் அம்மா அன்னாளுக்கு மகன் வெயிலிலும் தூசியிலும் நிற்பதில் விருப்பமில்லை. தம்பி கடையிலேயே நிரந்தரமாக உட்கார வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுவிட்டார். அவனிடம் குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று நானும் பார்த்தேன். சொன்ன நேரத்துக்கு வந்தான், சுத்தமாக வேலை செய்தான், எல்லோரையும் அண்ணன் அக்கா என்றான். குறை கிடைக்காதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சித்திரைக் கடைசியில் அக்கா கடைக்குத் திரும்பி வந்தாள். அமிர்தநாதன் அண்ணன் எழுந்து போய் அவளுக்கு நாற்காலி போட்டார். கவுண்டரில்.

"இங்க ஒக்காரும்மா அன்பு. வர்றவங்ககிட்ட விவரம் கேட்டு எழுதினா போதும். கைக்கு ரெஸ்ட். சம்பளம் அதேதான்."

"எனக்கு மிஷின்தாண்ணே வேணும். கவுண்டரு வாணாம்."

"கை சரியாவட்டும்."

"சரியாவாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. இவ்ளோதான் வரும்னுட்டாரு. அதான் கேக்கறேன்."

அண்ணன் கவுண்டர் நாற்காலியின் தூசியைத் தட்டிவிட்டார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இரக்கப்படுகிறவரோடு எப்படிச் சண்டை போடுவது?

மத்தியானம் சாப்பிடும்போது அக்கா என்னிடம் சொன்னாள். "கவுண்டர்ல ஒக்காந்துகினு இருந்தா, வர்றவங்க எல்லாம் மொதல்ல கைக்கு என்னா ஆச்சின்னுதான் கேப்பாங்க மெர்லின். நாள் பூரா அதுக்கு பதில் சொல்றதுக்கா நான் வூட்ட வுட்டு வர்றேன்? எங்க வூட்ல, ஒக்காந்து செய்யிற வேலைக்கு வந்த மொத ஆளு நானு. எங்கப்பா இன்னும் ஊர்ல, எம் பொண்ணு பொஸ்தகம் போடுதுன்னு சொல்லிகினு இருக்குது."

அவள் அப்பா கலியன் கம்மாபுரத்துப் பக்கம் பிறர் நிலத்தில் நாற்றுப் பிடுங்கியவர். அந்த நிலங்களில் பாதி இப்போது சுரங்கம். அக்கா அந்தப் பெரிய நாற்காலியைக் கேட்டது வெறும் பிடிவாதத்தில் இல்லை.

மறுநாள் கடை திறக்கிற நேரத்துக்கே அவள் வந்துவிட்டாள். அலெக்ஸ் பத்து மணிக்குத்தான் வருவான். அதுவரை மிஷின் சும்மாதான் கிடக்கும் என்று அண்ணனிடம் கேட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் வந்து பார்த்தபோது, பக்கம் அமைக்கிற இன்டிசைன் மென்பொருளில் நாங்கள் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள். எந்தக் கீயை அழுத்தினால் எந்த வேலை நடக்கவேண்டும் என்பதை நாமே மாற்றி வைத்துக்கொள்ளும் இடம் அது. பழைய பேஜ்மேக்கர் காலத்தில் அப்படி ஒன்றை நாங்கள் பார்த்ததே இல்லை. இதில் அது இருந்தும் எட்டிப் பார்த்ததில்லை. கம்பெனிக்காரன் வைத்த கீயைத்தான் வேத வாக்கு மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தோம்.

"எல்லாத்தையும் இந்தப் பக்கம் கொண்ணாந்துட்டா, எடது கை இங்கியே கெடக்கும், வலது கை மவுஸ்லயே கெடக்கும். எதையும் தூக்க வாணாம்" என்றாள். கீபோர்டின் இடது பாதியை மட்டும் துணியால் துடைத்து வைத்திருந்தாள்.

அமிர்தநாதன் அண்ணன் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கை வரலன்னா கீபோர்டையே மாத்துறியாம்மா?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அக்கா முகம் சுருங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. "கால் எட்டலன்னு உங்க வண்டி சீட்ட வெட்டி எறக்கினீங்களேண்ணே, அப்ப வண்டிதான் கோணலா?" என்றேன். அண்ணன் கவுண்டருக்குப் போய்விட்டார். குள்ளமானவர், பாவம்.

அதன் பிறகு தினமும் காலையில் அதுதான் வேலை. ஒரு கட்டளையைத் தேர்ந்தெடுத்து, வேண்டிய கீயை அழுத்தினால் கீழே ஒரு வரி வரும், இந்தக் கீயில் ஏற்கெனவே இன்னார் குடியிருக்கிறார் என்று. அவரைக் காலி செய்துவிட்டு நம் ஆளை உட்கார வைக்கலாம்.

"எங்க ஊரு கணக்கா இருக்குது. நோட்டீஸ் குடுத்து காலி பண்றது" என்றாள் அக்கா.

"நஷ்டஈடு உண்டா?"

"நெலம் வச்சிருந்தவனுக்கு உண்டு. நெலத்துல வேல செஞ்சவனுக்கு ஏது?" சொல்லிவிட்டு அடுத்த கீயை அழுத்தினாள்.

எழுத்தைப் பெரிதாக்க, வழக்கமாக மூன்று கீயைச் சேர்த்து அழுத்தவேண்டும். அதில் ஒன்றான புள்ளிக் கீ கீபோர்டின் வலது பக்கத்தில் இருக்கிறது. அக்கா அதைக் கன்ட்ரோலோடு Q என்று மாற்றினாள். சிறிதாக்க W. வரிக்கு வரி இடைவெளி கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று, படத்தை முன்னால் கொண்டுவர, பின்னால் தள்ள, அடுத்த பக்கம் போக, எல்லாம் இடது பக்கத்துக்குக் குடிவந்தன. Q-வில் முன்பு குடியிருந்தது, மென்பொருளையே மொத்தமாக இழுத்து மூடுகிற கட்டளை. "மூடறதுக்குத்தான் மேல மூலையில பெருக்கல் குறி கெடக்குதே. அதுக்கெதுக்குக் கைக்கிட்ட எடம்?" என்று அவள் கேட்டபோது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

சரியாக வருகிறதா என்று பார்க்க நான் என் வலது கையைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு இடது கையால் அவள் கீயை எல்லாம் அழுத்திப் பார்ப்பேன். விரல் இழுக்கிறது என்றால் இடம் மாற்றுவாள். நான்கு நாளில் அது எனக்கும் பழகித் தொலைத்தது. ஒருநாள் என் மிஷினில் தலைப்பைப் பெரிதாக்க Q-வை அழுத்திவிட்டேன். என் மிஷினில் பழைய குடித்தனம்தான். 'சேமிக்கவா?' என்று அது கேட்டது. அவசரத்தில் வேண்டாம் என்று சொல்லி, அடித்த அரைப் பக்கத்தையும் தொலைத்தேன். நான் திட்டிய திட்டில் பக்கத்துக் கடை மருந்துக்காரர் எட்டிப் பார்த்தார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். கை உடைந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஆனித் தொடக்கத்தில் அன்னாள் அக்கா கடைக்கு வந்தார். "தம்பி, மாசக் கடசிக்குள்ள ஒரு வார்த்த சொல்லிடு. இங்க இல்லன்னா இவன் கான்ட்ராக்ட்டுக்குப் போவணும், அங்க ஆள் எடுத்துகினு இருக்காங்க" என்றார். அலெக்ஸ் தலையைக் குனிந்துகொண்டு பேனருக்கு நிறம் மாற்றிக்கொண்டிருந்தான்.

அமிர்தநாதன் அண்ணன் இரண்டு நாள் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னார். "ரெண்டு பேருக்கு ஒரு மிஷின்தான் இருக்கு. வேணு சார் மலரை அன்பு செய்யட்டும். சொன்ன நாள்ல சாயங்கால பஸ்ஸுல பிரஸ்ஸுக்குப் போயிட்டா, அந்தச் சேர் அன்புக்கு. போகலன்னா அலெக்ஸுக்கு. அதுக்கு மேல யாரும் எங்கிட்ட வருத்தப்படக் கூடாது."

வேணு சார் சுரங்கத்தில் பெரிய ராட்சத இயந்திரம் ஓட்டியவர். அந்த மாதம் ஓய்வு பெறுகிறார். கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு மலர் போடுகிறார்கள். வாழ்த்து, கவிதை, குடும்பப் படம், ஷிப்டுக்கு ஷிப்டு எடுத்த குரூப் போட்டோ என்று முப்பத்திரண்டு பக்கம். நாங்கள் முடித்து சிடியில் போட்டு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால், பண்ருட்டியில் பிரஸ்காரர் வாங்கிக்கொள்வார். அந்த பஸ்ஸை விட்டால் விழாவுக்கு மலர் வராது.

அக்கா செய்தாள். இடது கை ஒரு பக்கம், வலது கை ஒரு பக்கம், இரண்டும் இருந்த இடத்தைவிட்டு அசையாமல் பக்கம் பக்கமாக எழுந்து வந்தது. பழைய வேகம் இல்லை, ஆனால் நிற்கவும் இல்லை. எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று கரண்ட்டுக்கே தெரியாது. டவுன்ஷிப்புக்குள் விளக்கு எரியும், புகைபோக்கி அந்தப் பக்கம் புகைந்துகொண்டிருக்கும், இங்கே நாங்கள் விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம். அதனால் எதைச் செய்வதற்கு முன்னாலும் கன்ட்ரோல் S அழுத்திச் சேமித்துவிடுவது எங்கள் கடைப் பழக்கம், நான்தான் அடிக்கடி மறப்பேன். அக்காவுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. S அழுத்தாமல் அவள் ஒரு புள்ளிகூட வைக்கமாட்டாள்.

அனுப்பவேண்டிய நாள் வந்தது. காலையிலேயே இருபத்துநான்கு பக்கம் முடிந்திருந்தது. மத்தியானம் கைப் பயிற்சிக்காக அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். அந்த நேரத்தில் வேணு சாரோடு வேலை பார்க்கும் சிங்காரவேலு கடைசிப் படங்களைப் பென்டிரைவில் கொண்டுவந்தார். அலெக்ஸ் அதை மிஷினில் சொருகினான். ஊரில் இருக்கிற வைரஸ் எல்லாம் அந்தப் பென்டிரைவில்தான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறது. மிஷின் அப்படியே படுத்துவிட்டது. எதைத் திறந்தாலும் திறக்கவில்லை.

இங்கே எந்தக் கடையானாலும் இதற்கு ஒரே வைத்தியம்தான். செய்த வேலை எல்லாம் D டிரைவில் பத்திரமாக இருக்கும். வைரஸ் வந்தால் C டிரைவை முழுக்க அழித்துவிட்டு, முன்பே எடுத்து வைத்திருக்கும் சுத்தமான பிரதியிலிருந்து விண்டோஸ், இன்டிசைன் எல்லாவற்றையும் மொத்தமாகத் திரும்பப் போட்டுவிடுவோம். 'கோஸ்ட் போடுவது' என்போம். மாதத்துக்கு ஒரு தடவையாவது யாராவது போடுவோம். யோசிப்பதே இல்லை. அலெக்ஸும் அதைத்தான் செய்தான். அக்கா வருவதற்குள் மிஷின் தயாராக இருக்கவேண்டும் என்று டீ குடிக்கக்கூடப் போகாமல் உட்கார்ந்து செய்தான். எல்லாம் முடிந்து படங்களையும் சுத்தம் செய்து D-யில் போட்டு வைத்தான். அக்கா மாற்றி வைத்த கீ எல்லாம் C-யில் குடியிருந்தது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதைதான்.

அக்கா திரும்பி வந்தபோது வேணு சாரும் அவர் மனைவி கஸ்தூரியம்மாளும் கடைசியாக ஒருமுறை பார்க்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா வணக்கம் சொல்லிவிட்டு மிஷினில் உட்கார்ந்து மலரைத் திறந்தாள். அட்டையில் வேணு சார் பெயர் கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்று கஸ்தூரியம்மாள் கேட்டார். அக்கா S அழுத்தினாள். Q அழுத்தினாள். திரையில் ஒன்றுமில்லை. அப்போதுதான் சேமித்திருந்ததால், மென்பொருள் ஒரு கேள்விகூடக் கேட்காமல் மூடிக்கொண்டது.

கை தவறிவிட்டது என்று நினைத்தாள் போலிருக்கிறது. திரும்பத் திறந்தாள். S. Q. மறுபடியும் காலி.

அந்த ஜன்னலைத் திறந்து பார்த்தாள். அவள் பெயரில் சேமித்து வைத்திருந்த தொகுப்பே இல்லை. கம்பெனிக்காரன் வைத்ததுதான் இருந்தது.

"மிஷின யாரு தொட்டது?" திரையைவிட்டுத் திரும்பாமலே கேட்டாள்.

"வைரஸ் வந்துருச்சுக்கா. நான்தான் கோஸ்ட் போட்டேன். உங்க ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கு, ஒண்ணும் போகல" என்றான் அலெக்ஸ். நல்ல காரியம் செய்தவனுடைய முகம் அவனுக்கு. சொல்லி முடிப்பதற்குள் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டான். திரையையும் பார்த்தான். புரிந்துவிட்டது.

அக்கா வலது கையை மவுஸிலிருந்து எடுத்துக் கீபோர்டின் வலது ஓரத்தில் வைத்தாள். பழைய கீயிலேயே செய்து முடித்துவிடலாம் என்று பார்த்திருக்கிறாள். ஆள்காட்டி விரல் புள்ளிக் கீயைத் தேடியது. மேலுதட்டில் வியர்த்தது. கையைத் திரும்ப மவுஸுக்குக் கொண்டுபோகும்போது பல்லைக் கடித்தாள். நான்கு தடவை அப்படிப் போய் வந்ததில் ஒரு பெயர் பெரிதானது. கடையில் எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அய்யோ, கைக்கு என்னம்மா ஆச்சு?" என்றார் கஸ்தூரியம்மாள்.

நல்ல மனசோடுதான் கேட்டார். எனக்கு அந்த அம்மாளின் வாயைப் பொத்திவிடலாம் போலிருந்தது.

அமிர்தநாதன் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டுப் பக்கம் அப்படியே கிடந்தது. "அன்பு, விடும்மா" என்றார் மெதுவாக. "நீ இந்தப் பக்கம் வந்து ஒக்காரு. அலெக்ஸ் முடிச்சிடுவான்."

"அரை மணி குடுங்கண்ணே. கீயெல்லாம் திரும்ப வச்சிகினு முடிச்சிடறேன்."

"அரை மணி கீக்குப் போனா பக்கத்துக்கு எங்கம்மா நேரம்? அவங்க விழா. நம்ம பிரச்சனைக்கு அவங்க என்ன பண்ணுவாங்க?"

அதில் தப்பில்லை. தப்பில்லாததுதான் வயிற்றெரிச்சல். அக்கா எழுந்தாள். கவுண்டர் பக்கம் போகவில்லை, நாற்காலிக்குப் பின்னால் சுவரோரமாகப் போய் நின்றாள். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நானும் கூடச் சேர்ந்து அழுதிருப்பேன், பாரம் குறைந்திருக்கும்.

அலெக்ஸ் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அவனுக்கு எட்டுப் பக்கம் ஒரு பெரிய விஷயமே இல்லை. பஸ்ஸுக்கு முன்னால் முடித்து டீயும் குடித்துவிடுவான். அதோடு மாதக் கடைசிப் பேச்சும் முடிந்துவிடும், அவன் அம்மா நிம்மதியாகத் தூங்குவார். எனக்கு அவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை. என் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அக்கா, எழுத்து பெருசுக்கு Q-வா?"

திரும்பிப் பார்த்தேன். அவன் பக்கத்தைத் திறக்கவில்லை. அந்த ஜன்னலைத் திறந்து வைத்திருந்தான்.

அக்கா எட்டித் திரையைப் பார்த்தாள்.

"சொல்லுங்கக்கா. Q-தான? சின்னதுக்கு?"

"W" என்றாள் அக்கா.

அவன் விரல்கள் ஓடின. இந்தக் கீயில் இன்னார் இருக்கிறார் என்று வந்த வரியை எல்லாம் படிக்காமலே தள்ளினான். "வரி கேப்பு?" "E கூட்டறது, R கொறைக்கறது." "அடுத்த பக்கம்?" அக்கா ஒரு கணம் தடுமாறினாள். எனக்கு என் இடது கை விரல் எங்கே போகும் என்று தெரியும். "F" என்றேன். "ஆமா, F" என்றாள் அக்கா. அவள் சுவரைவிட்டு வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் சொல்லச் சொல்ல அவன் வைத்துக்கொண்டே போனான். ஒற்றைக் கையால் அவளுக்கு அரை மணி ஆகும் வேலை இரண்டு கைக்காரனுக்குக் கால் மணிகூட ஆகவில்லை.

பிரஸ்காரரிடம் போனில் பேசிவிட்டு அமிர்தநாதன் அண்ணன் திரும்பி வந்தார். "என்னடா, பக்கம் போட்ட எடத்துலயே நிக்குது?"

"நான் அழிச்சத நான் திரும்ப வைக்கிறேன் மாமா."

"நேரம் போவுதுடா. நீயே முடிச்சிடலாம்ல?"

"முடிக்கலாம் மாமா" என்றான் அலெக்ஸ். "ஆனா அவங்க தோத்துப் போவல. நான்தான் கெடுத்தேன்."

கடைசிக் கீயை வைத்துச் சேமித்தான். அதோடு நிற்காமல், அந்தத் தொகுப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, D-யில் ஒரு பிரதி எடுத்து வைத்தான். பிறகு எழுந்து நாற்காலியை அக்கா பக்கம் திருப்பினான்.

அக்கா உட்கார்ந்தாள். S. Q. வேணு சார் பெயர் அட்டையில் இன்னும் கொஞ்சம் பெரிதானது. கஸ்தூரியம்மாள் "இது போதும்மா" என்றார். நான் பக்கத்தில் நின்று பிழை பார்த்துச் சொன்னேன், அவள் திருத்தினாள். அலெக்ஸ் படங்களை வரிசைப்படி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். நடுவில் ஒருமுறை கரண்ட் போய், யுபிஎஸ் கத்தி, திரும்ப வந்தது. அமிர்தநாதன் அண்ணன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். சிடி வெளியே வந்தபோது பஸ் மார்க்கெட் பக்கம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அலெக்ஸ் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

அவன் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, கண்டக்டர் வாங்கிக்கொண்டார் என்றான். வேணு சார் அக்காவுக்குக் கைகூப்பினார். வலது கையைக் கொடுக்கச் சொல்லிச் சங்கடப்படுத்தவில்லை. அதற்காகவே அந்த மனுஷனுக்கு இன்னொரு மலர் போடலாம்.

அவர்கள் போன பிறகு அமிர்தநாதன் அண்ணன் அக்காவைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். "அன்பு, சேர் உன்னுதும்மா. சொன்னா சொன்னதுதான்" என்றார். பிறகு அலெக்ஸிடம் குரலைத் தாழ்த்தினார். "உங்கம்மாகிட்ட நான் என்னடா சொல்லுவேன்?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொல்லிக்கிறேன். கான்ட்ராக்ட்ல எப்ப கூப்பிடுறாங்களோ அப்ப போறேன்."

"அது வரைக்கும்?"

"கவுண்டர்ல ஆள் இல்லல்ல? நான் ஒக்காறேன்."

"ரெண்டு கையும் நல்லா இருக்கிறவன் கவுண்டர்லயாடா ஒக்காருவ?" என்றார் அண்ணன். சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. சட்டென்று அக்கா பக்கம் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "கவுண்டரும் வேலதாண்ணே" என்றாள். "நான் வாணாம்னது வேலய இல்ல."

அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டு டீ சொல்ல வெளியே போனார். அலெக்ஸ் கவுண்டரில் அக்காவுக்காகப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அன்றைக்குத்தான் எனக்கு அவனைப் பிடித்தது. அதை அவனிடம் சொல்லித் தொலைக்கவில்லை, ஏற்கெனவே நல்ல பெயர் நிறைய வைத்திருக்கிறான்.

கொஞ்ச நேரத்தில் சீருடையோடு ஒருவர் வந்தார். ஷிப்டு முடிந்து நேராக வந்திருக்கிறார், காலணியில் கரித்தூசி. மச்சான் ரிட்டயர் ஆகிறார், பேனர் வேண்டும், நன்றாக இருக்கவேண்டும் என்றார். அலெக்ஸை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கதான் டிசைனருங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றான் அலெக்ஸ். "டிசைனர் உள்ள இருக்காங்க. நீங்க பேரு, ஊரு, தேதி சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

உள்ளே அன்புக்கரசி அக்கா, புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு அவருடைய மச்சான் பெயருக்காகக் காத்திருந்தாள்.